படம் விழுந்த கணம் எது? டிரோன் படங்களோடு நிலைத்தரவை ஒத்திசைக்கும் முறை

டிரோனின் தலைமேல் இருக்கும், செயற்கைக்கோள்களின் குறிகளை வாங்கும் ஜி.என்.எஸ்.எஸ். ஆன்டெனாவின் வழியே ரிசீவர் நொடிக்கு ஐந்து அல்லது பத்து முறை தன் இருப்பிடத்தைப் பதிவு செய்துகொண்டே போகிறது. வயிற்றடியில் இருக்கும் கேமரா இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே வருகிறது. ஒன்றின் பதிவில் படம் இல்லை; மற்றதன் பதிவில் இடம் இல்லை. இவ்விரண்டையும் கட்டிவைக்கும் பொதுவான இழை நேரம் ஒன்றுதான். அந்த இழை தளர்ந்துவிட்டால், ரிசீவர் சென்டிமீட்டர் துல்லியத்தில் இருப்பிடம் தந்தாலும் படத்துக்குப் போய்ச் சேரும் இருப்பிடம் மீட்டர் கணக்கில் தவறியிருக்கும்.

எவ்வளவு தவறும் என்பது எளிய பெருக்கல் கணக்கு. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்கும் டிரோன் ஒரு மில்லிநொடியில் 1.2 செ.மீ. நகர்கிறது. நேரத்தில் 80 மில்லிநொடி பிழை இருந்தால் இருப்பிடத்தில் 96 செ.மீ. பிழை வரும். ஓர் அங்குல சென்சாரும் இரண்டு கோடி பிக்செலும் கொண்ட கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் ஒரு பிக்செல் தரையில் ஏறத்தாழ 2.7 செ.மீ. அளவைப் பிடிக்கும்; ஆகவே கண் இமைக்கும் நேரத்திலும் குறைந்த அந்த 80 மில்லிநொடி, படத்தில் 35 பிக்செல்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பலரும் தாங்களே பொருத்திப் பயன்படுத்தும் அமைப்பை: மிரர்லெஸ் கேமரா, இரட்டை அதிர்வெண் ரிசீவர், தரையில் இடம் தெரிந்த புள்ளியில் அசையாமல் நிற்கும் ரிசீவரான ஒரு பேஸ் நிலையம், அதன் தரவைக் கொண்டு டிரோனின் இருப்பிடத்தைப் பறந்து முடித்தபின் கணினியில் திருத்தும் பி.பி.கே. கணக்கீடு. பறக்கும்போதே அந்தத் திருத்தத்தைச் செய்யும் ஆர்.டி.கே. வசதியோடு கடையில் வரும் டிரோன்கள் இந்த வேலையின் முன்பாதியைத் தமக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. ஆனால் பின்பாதியில் வரும் ஆன்டெனா விலக்கம் (ஆன்டெனாவுக்கும் கேமராவுக்கும் இடையிலான தொலைவு), எண்களை எழுதும் முறை, சோதிக்கும் முறை ஆகியவை அவற்றுக்கும் பொருந்தும்.

கடிகாரங்களைப் பிரித்தறிதல்

முதலில் எந்தக் கோப்பு எந்தக் கடிகாரத்தைப் பேசுகிறது என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ரிசீவரின் மூலத்தரவு பெரும்பாலும் ஜி.பி.எஸ். நேரத்தில் இருக்கும். 1980 ஜனவரி 6 அன்று தொடங்கிய அந்த நேரக்கணக்கில், பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது கூட்டப்படும் லீப் நொடிகள் சேர்க்கப்படுவதில்லை. ஆகையால் அது உலக ஒருங்கிணைந்த நேரமான யூ.டி.சி.யைவிட 2017 தொடக்கம் முதல் 18 நொடி முன்னே ஓடுகிறது. சீனாவின் பெய்டோ நேரம் 2006 ஜனவரி 1 அன்று தொடங்கியதால் ஜி.பி.எஸ். நேரத்துக்கு 14 நொடி பின்னே இருக்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ் மட்டும் லீப் நொடிகளையும் ஏற்றுக்கொண்டு யூ.டி.சி.யை ஒட்டியே நடக்கிறது. படக்கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலிலுள்ள படம் எடுத்த நேரமோ, நாம் கேமராவில் வைத்த உள்ளூர் நேரம். இந்தியாவிலோ இலங்கையிலோ அது யூ.டி.சி.க்கு 5 மணி 30 நிமிடம் முன்னே இருக்கும். அதே எக்ஸிஃப்பில் ஜி.பி.எஸ். நேரத்துக்கென்று தனியாக ஒரு புலம் உண்டு. அதன் பெயர் ஜி.பி.எஸ். என்றிருந்தாலும் அதில் எழுதப்பட வேண்டியது யூ.டி.சி. நேரம், இந்தப் பெயர்க்குழப்பத்தில் வழுக்கியவர்கள் ஏராளம்.

மூலத்தரவில் நேரம் பெரும்பாலும் வார எண்ணாகவும் வாரத்தில் கழிந்த நொடியாகவும் எழுதப்பட்டிருக்கும். வாரம் ஞாயிறு நள்ளிரவில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 6,04,800 நொடிகளில் முடியும். நம் கைக்கடிகாரத்தில் அந்தத் தொடக்கம் ஞாயிறு காலை 5 மணி 29 நிமிடம் 42 நொடி. காற்று எழுவதற்குமுன் பறந்துவிடலாம் என்று ஞாயிறு விடியலில் புறப்படுபவர்களுக்கு மட்டும், எண்கள் நடுவில் பூஜ்யத்துக்குத் திரும்புவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

18 நொடியைக் கூட்ட மறந்தாலும், ஐந்தரை மணி நேரத்தைத் தவறாகக் கழித்தாலும் பிழை நூற்றுக்கணக்கான மீட்டராகவோ கிலோமீட்டராகவோ வெளிப்படும் என்பதால் அதைப் பார்த்தவுடனே பிடித்துவிடலாம். அஞ்ச வேண்டியது, படங்கள் வரைபடத்தில் ஒழுங்காக வரிசைகட்டி நிற்க, உள்ளே ஒளிந்திருக்கும் 30 முதல் 200 மில்லிநொடி வரையிலான பிழைக்குத்தான்.

ஒளிபடும் கணத்தைப் பிடித்தல்

படம் எடு என்று டிரோனை ஓட்டும் தன்னியக்கக் கருவி கட்டளை அனுப்பும் கணமும், ஷட்டர் உண்மையில் திறக்கும் கணமும் ஒன்றல்ல. இடையில் கேமரா விழித்துக்கொள்ள வேண்டும், குவியத்தைச் சரிபார்க்க வேண்டும், ஒளியை அளக்க வேண்டும், முந்தைய படத்தை அட்டையில் எழுதி முடித்திருக்க வேண்டும். இந்தத் தாமதம் கேமராவுக்குக் கேமரா மாறுவதோடு நில்லாமல் படத்துக்குப் படமும் மாறுகிறது. நிலையான தாமதமாக இருந்தால் ஒரே எண்ணைக் கழித்துவிடலாம். மாறும் தாமதத்தைக் கழிக்க வழியில்லை. ஆகவே கட்டளை அனுப்பிய நேரத்தைப் படம் எடுத்த நேரமாகக் கொள்ளும் அமைப்பு, அது எவ்வளவு விலையுயர்ந்த ரிசீவரோடு வந்தாலும், அளவைப் பணிக்கு ஏற்றதல்ல என்பதே என் கருத்து.

சரியான வழி, கேமராவையே பேசவைப்பது. ஃபிளாஷ் பொருத்துவதற்காகக் கேமராவின் தலையில் இருக்கும் ஹாட் ஷூ, ஷட்டரின் முதல் திரை முழுதும் திறந்த கணத்தில் ஒரு மின்குறிப்பைத் தருகிறது. அந்தக் குறிப்பை ரிசீவரின் வெளிநிகழ்வு உள்ளீட்டில் இணைத்துவிட்டால், அது வந்த கணத்தை ரிசீவர் தன் சொந்தக் கடிகாரத்தில், மில்லிநொடியிலும் மிகச் சிறிய பகுதிக்குத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். இதை நிகழ்வுக்குறி என்போம். கேமராவின் கடிகாரம் சரியா தவறா என்ற கேள்வியே இதன்பின் எழுவதில்லை; படங்களுக்கு நேரம் கொடுப்பது ரிசீவர்தான். பெரிய விமானங்களில் பறக்கும் அளவைக் கேமராக்களும் ஒளிபடும் நேரத்தின் நடுக்கணத்தில் துடிப்பு அனுப்பி இதையே செய்கின்றன.

இணைப்பில் கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு. ஹாட் ஷூ குறிப்பு பொதுவாக மின்னழுத்தத்தைக் கீழிறக்கும் குறிப்பு. எனவே ரிசீவர் இறங்கும் விளிம்பைக் கவனிக்கும்படி அமைக்க வேண்டும். ஏறும் விளிம்பைக் கவனிக்கவைத்தால், துடிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு தாமதம் எல்லாப் படங்களுக்கும் சேர்ந்துவிடும். இரு விளிம்புகளையும் பதிவு செய்யும் ரிசீவர்களில், கணக்கிடும் மென்பொருள் எதை எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் படங்களைப்போல் இருமடங்கு நிகழ்வுகள் வந்து நிற்கும். ஒலியெழுப்பாத மின்னணு ஷட்டரில் பல கேமராக்களின் ஹாட் ஷூ குறிப்பே தருவதில்லை. சில கேமராக்களில் ஃபிளாஷ் எப்போதும் எரிய வேண்டும் என்று அமைத்தால்தான் தரும். இவற்றை மேசைமேல் வைத்தே பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

மின்னணு ஷட்டரைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் சென்சார் மேல்வரியிலிருந்து கீழ்வரிவரை வரிவரியாக வாசிக்கப்படுகிறது. முழுச் சட்டகத்தையும் வாசிக்க முப்பதில் ஒரு பங்கு நொடி ஆகும் என்று கொண்டால், நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் டிரோன் 40 செ.மீ. நகர்ந்திருக்கும். அப்படிப்பட்ட படத்துக்கு ஒளிபட்ட கணம் என்று ஒன்றைச் சொல்வதே கடினம். மென்பொருள்கள் இதை ஓரளவு ஈடுசெய்கின்றன என்றாலும், தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கும்போது இயந்திர ஷட்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் திரை சட்டகத்தைக் கடக்கச் சில மில்லிநொடி ஆகும். அந்தச் சிறு பிழை நிலையானது என்பதால் பின்னால் சொல்லப்போகும் சோதனையில் அகப்பட்டுவிடும்.

பறப்பதற்குமுன்

கேமராவில் குவியத்தைக் கையால் தொலைவுக்கு வைத்து நாடாவால் ஒட்டிவிடுவது நல்லது. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் விரைவாக இருக்கட்டும். எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியையும், நேரம் கழிந்தால் தானே உறங்கிப்போகும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். விரைந்து எழுதும் நினைவக அட்டை வேண்டும். மெதுவான அட்டை நிரம்பித் திணறும்போது கேமரா ஒரு கட்டளையை விழுங்கிவிடும். கேமராவின் கடிகாரத்தை, நிகழ்வுக்குறி இருந்தாலும், நொடி பிசகாமல் வைத்துவிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாத அன்று அதுதான் கைகொடுக்கும்.

ரிசீவர் மூலத்தரவை நொடிக்கு 5 முறையாவது பதிய வேண்டும். அதற்குக் காரணம், படம் எடுத்த கணம் இரண்டு பதிவுகளுக்கு நடுவில் விழுவதால் அந்த இடத்தை இடைக்கணிப்பால்தான் பெற வேண்டியிருக்கிறது. இரு பதிவுகளை நேர்கோட்டால் இணைத்துக் கணக்கிட்டால் வரக்கூடிய மிகப்பெரிய பிழை, முடுக்கத்தைப் பதிவு இடைவெளியின் இருமடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் கிடைக்கும். காற்றுத் தள்ளலில் டிரோன் நொடிக்கு நொடி 2 மீட்டர் என்ற அளவில் முடுக்கம் பெறுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு பதிவு இருக்கும்போது பிழை 25 செ.மீ.; நொடிக்கு ஐந்து பதிவு இருக்கும்போது 1 செ.மீ. மட்டுமே.

பேஸ் நிலையத்துக்கு நொடிக்கு ஒரு பதிவு போதும். ஆனால் 30 நொடிக்கு ஒன்று என்று இணையக் காப்பகங்களில் கிடைக்கும் நிலையத் தரவை நகரும் ரிசீவரின் கணக்குக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் தொடர் இயக்க நிலையங்களைப் பயன்படுத்துபவர்கள், நிலையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்த இடைவெளியில் தரவு கிடைக்கிறது என்ற இரண்டையும் களத்துக்குப் போவதற்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவு கூடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பிழை சேரும் என்பது ரிசீவர் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் கணக்கு; அதைவிட, தொலைவு கூடக்கூட நிலையான தீர்வு, அதாவது சென்டிமீட்டர் துல்லியமுள்ள இருப்பிடம், கிடைப்பதே அரிதாகிவிடுவதுதான் களத்தில் உறைக்கும்.

ஆன்டெனாவின் மையத்திலிருந்து கேமராவின் மையம்வரை முன்பின், இடவலம், மேல்கீழ் ஆகிய மூன்று தொலைவுகளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்து விலக்கத்தைக் கழித்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆன்டெனா கேமராவுக்கு 30 செ.மீ. மேலே இருந்து, டிரோன் முன்னோக்கி 10 பாகை சாய்ந்து பறந்தால், ஆன்டெனா கேமராவைவிட 5 செ.மீ. முன்னே போய்விடுகிறது. ஆகையால் ஒவ்வொரு படத்துக்கும் டிரோனின் திசையையும் சாய்வையும் பதிவிலிருந்து எடுத்துத்தான் விலக்கத்தைக் கழிக்க வேண்டும்.

எல்லாம் தயாரானதும் ரிசீவரை இயக்கிவிட்டு டிரோனை அசையாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் தரையில் வைத்திருங்கள்; இறங்கியபின்னும் அப்படியே. பி.பி.கே. கணக்கு முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் ஓடும்போது இந்த அசையாத நிமிடங்கள் பெரிதும் உதவும். அந்த நேரத்தில் ஓர் அடையாளம் போட்டுவிடுவது என் வழக்கம்: தொடர்ச்சியாக மூன்று படம், பத்து நொடி இடைவெளி, பிறகு இரண்டு படம். இறங்கியபின் இதே வரிசையைத் தலைகீழாகப் போடுவேன். இது எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

எண்ணிக்கையைப் பொருத்துதல்

வீட்டுக்கு வந்ததும் மூலத்தரவை ரைனெக்ஸ் என்னும் பொதுவான கோப்பு வடிவத்துக்கு மாற்றி, ஆர்.டி.கே.லிப் போன்ற மென்பொருளில் பேஸ் தரவோடு சேர்த்துக் கணக்கிட்டு, நிகழ்வுகளின் நிலைப்பட்டியலைப் பெறுகிறீர்கள். அதன்பின் செய்யும் முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. அட்டையில் எத்தனை படம், பட்டியலில் எத்தனை நிகழ்வு? இரண்டும் ஒன்றானால் பாதிக் கவலை தீர்ந்தது. பாதி என்று சொல்வதற்குக் காரணம், நடுவில் ஒரு நிகழ்வு தவறி, வேறோர் இடத்தில் ஒன்று கூடி, மொத்தம் மட்டும் ஒத்துப்போவதும் நடக்கக்கூடியதே.

எண்ணிக்கை ஒத்துப்போகாத நாளில் அவசரம் கூடாது. தொடக்க காலத்தில் ஓர் ஏரிப் படுகையின் அளவையில் எனக்கு 412 படங்களும் 413 நிகழ்வுகளும் கிடைத்தன. கடைசி நிகழ்வை வெட்டிவிட்டு வரிசையாகப் பொருத்தினேன். உண்மையில் கூடுதலாக வந்தது முதல் நிகழ்வு. கேமராவை இயக்கியபோது ஹாட் ஷூவில் எழுந்த ஒரு பொய்த்துடிப்பு அது. எல்லாப் படங்களும் தமக்கு முந்தைய படத்தின் இடத்தை வாங்கிக்கொண்டன. படத்துக்குப் படம் 25 மீட்டர் இடைவெளி இருந்ததால் மென்பொருள் உடனே கூக்குரலிட்டது, பிழைத்தேன். நடுவில் ஒன்று தவறியிருந்தால் முன்பாதி சரியாகவும் பின்பாதி தவறாகவும் அமைந்து, காரணம் தேடியே ஒரு நாள் போயிருக்கும்.

இதைத் தவிர்க்க நேரத்தைப் பொருத்தாமல் நேர இடைவெளிகளைப் பொருத்த வேண்டும். விரிதாளில் ஒரு நெடுவரிசையில் அடுத்தடுத்த படங்களுக்கு இடையிலான எக்ஸிஃப் நேர வேறுபாட்டையும், பக்கத்தில் அடுத்தடுத்த நிகழ்வுகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் எழுதுங்கள். கேமராவின் கடிகாரம் மணிக்கணக்கில் தவறியிருந்தாலும் இடைவெளிகள் தவறுவதில்லை. டிரோன் ஒரு வரியை முடித்துத் திரும்பும் இடங்களில் இரண்டு இரண்டாக வந்த இடைவெளி திடீரென்று பத்து, பன்னிரண்டு என்று நீளும், அவையே நங்கூரங்கள். தரையில் போட்டுவைத்த மூன்றும் இரண்டுமான அடையாளம் தொடக்கத்தையும் முடிவையும் ஐயமின்றிக் காட்டும். ஓரிடத்தில் நிகழ்வு இடைவெளி நான்கும், பட இடைவெளிகள் இரண்டும் இரண்டுமாக இருந்தால், அங்கே ஒரு நிகழ்வு பதிவாகவில்லை. அந்தப் படத்தை இடமின்றியே விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றுக்கு இடம் இல்லாததால் எந்தக் கேடும் இல்லை. பொய்யான இடம் கொடுப்பதால்தான் கேடு.

இதே கட்டத்தில் தீர்வின் தரக்குறியையும் பாருங்கள். ஆர்.டி.கே.லிப் வெளியீட்டில் 1 என்பது நிலையான தீர்வு, 2 என்பது அதைவிடத் துல்லியம் குறைந்த மிதவைத் தீர்வு, 5 என்பது பேஸ் தரவின்றிக் கிடைத்த தனித்த தீர்வு. டி.ஜே.ஐ. ஃபாண்டம் 4 ஆர்.டி.கே. டிரோன், படங்களின் நேரத்தையும் இடத்தையும் எழுதும் எம்.ஆர்.கே. கோப்பில் இவையே முறையே 50, 34, 16 என்று வரும். மிதவைத் தீர்வு பெற்ற படத்துக்கும் நிலையான தீர்வு பெற்ற படத்துக்கும் ஒரே துல்லியத்தை எழுதிக்கொடுத்தால், கெட்டது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும்.

நிகழ்வுக்குறி இல்லாதபோது

ஹாட் ஷூவே இல்லாத கேமரா, அல்லது பழைய பறப்பின் படங்கள் என்றால் கேமராவின் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். எக்ஸிஃப் நேரம் முழு நொடியில் எழுதப்படுகிறது; நொடியின் பின்னத்துக்குத் தனிப் புலம் உண்டு, எல்லாக் கேமராக்களும் அதை நிரப்புவதில்லை. ஜி.பி.எஸ். நேரத்தைக் காட்டும் கைப்பேசித் திரையைப் பறப்பதற்குமுன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் படம் எடுத்துக்கொண்டால் இரு கடிகாரங்களுக்கும் இடையிலான வேறுபாடும், அது எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரியும். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே மணிக்கு 72 மில்லிநொடி நகர்ந்துவிடும். கைப்பேசித் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதால் இந்த முறையில் பத்தில் ஒரு நொடியை எட்டினாலே பெரிது. எக்ஸிஃப்டூல் போன்ற கருவிகள் தடக்கோப்பையும் இந்த நேர வேறுபாட்டையும் கொடுத்தால் எல்லாப் படங்களிலும் இடத்தை எழுதித் தந்துவிடும். பயிர் நிலையைப் பார்ப்பதற்கும் வெள்ளப் பரப்பைக் குறிப்பதற்கும் இது போதும். எல்லை அளப்பதற்கும் மண் கன அளவைக் கணிப்பதற்கும் தரையில் துல்லியமாக அளந்து குறித்த தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாமல் இதை நம்பக் கூடாது.

எண்களை எழுதும்போது

கணக்கிட்ட இருப்பிடத்தைப் படத்தின் எக்ஸிஃப்பிலேயே எழுதலாம், தனி உரைக்கோப்பாகவும் கொடுக்கலாம். நான் எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறேன். எக்ஸிஃப்பில் பாகை, கலை, விகலை என்று எழுதப்படும். ஒரு விகலை தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். சில கருவிகள் விகலையை இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடுவதால் இருப்பிடம் 30 செ.மீ. படிகளில் தாவும். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சென்டிமீட்டர்கள் எழுதும் இடத்தில் சிந்திப்போகும். உரைக்கோப்பில் தசமப் பாகையாக எழுதினால் ஏழாவது தசம இடம் 1.1 செ.மீ.; எட்டு இடம் எழுதிவிட்டால் கவலையில்லை. விரிதாள் மென்பொருள் சேமிக்கும்போது பின்தசமங்களைச் சத்தமின்றி வெட்டிவிடும் என்பதால், சேமித்த கோப்பை எளிய உரைத்தொகுப்பியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

உயரத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பான உலகப் புவியுருவத்தின் மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ரிசீவர் உயரத்தை அளக்கத் தொடங்கும் கணிதப் பரப்பான நீள்வட்டக் கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே இருக்கிறது. அதன் சரிவில் நாம் இருப்பதால் தமிழகக் கடற்கரையில் நிற்கும் ரிசீவர், நீள்வட்டக் கோள உயரமாக எண்பது மீட்டருக்கும் கூடுதலான எதிர்மறை எண்ணைக் காட்டும். கரையின்மேல் 60 மீட்டர் உயரத்தில் பறக்கும்போதும் படத்தின் உயரம் எதிர்மறையாகவே இருக்கும். எக்ஸிஃப் உயரத்தைக் குறியில்லாத எண்ணாக எழுதி, மேலா கீழா என்பதைத் தனிப் புலத்தில் வைக்கிறது. அந்தப் புலத்தைப் படிக்காத மென்பொருள் கீழே இருப்பதை மேலே தூக்கிவிடும். ஆகையால் நீள்வட்டக் கோள உயரத்தில் இருக்கிறோமா, கடல்மட்ட உயரத்தில் இருக்கிறோமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, படங்களுக்கும் தரைப்புள்ளிகளுக்கும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். உலகை 6 பாகை அகல வலயங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். கட்டத்தில் வேலை செய்பவர்கள் 78 பாகைக் கிழக்குக் கோட்டையும் நினைவில் வைக்க வேண்டும்: மதுரை 44ஆம் வலயத்திலும், திண்டுக்கல்லும் கோயம்புத்தூரும் 43ஆம் வலயத்திலும் விழுகின்றன.

ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டுபிடித்தல்

டிரோன் உழவுச்சால்போல ஒரு வரி கிழக்கே போய், அடுத்த வரி மேற்கே திரும்புகிறது. நேரம் 40 மில்லிநொடி பிந்திப் பதிவானால், கிழக்கே போகும் வரியில் படங்களின் இருப்பிடம் 48 செ.மீ. கிழக்கே தள்ளியும், மேற்கே வரும் வரியில் அதே அளவு மேற்கே தள்ளியும் எழுதப்பட்டிருக்கும். படங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சமன்செய்யும் மென்பொருள் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வதால் வரைபடம் ஏறக்குறையச் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். பிழை இருந்ததே தெரியாது. எல்லா வரிகளையும் ஒரே திசையில் பறந்தாலோ வரைபடம் முழுதும் நகர்ந்துவிடும்; தரைப்புள்ளி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. உயரம் மட்டும் இரு நிலையிலும் சரியாக இருக்கும், ஏனெனில் சமமட்டத்தில் பறக்கும்போது நேரப்பிழை உயரத்தைத் தொடுவதில்லை. சோதனைப் புள்ளிகளில் உயரம் நன்றாகவும் கிடைமட்டம் மோசமாகவும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நேரத்தைத்தான்.

சோதிக்கும் முறை இது. நன்கு அளக்கப்பட்ட ஐந்தாறு தரைப்புள்ளிகளை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, படங்களின் இருப்பிடத் துல்லியத்தை வேண்டுமென்றே 2 மீட்டர் என்று தளர்த்திக் கொடுத்துச் சமன்செய்யுங்கள். 2 செ.மீ. என்று இறுக்கிக் கொடுத்தால் மென்பொருள் தவறான இருப்பிடங்களுக்கு ஏற்ப எல்லாவற்றையும் வளைத்துவிடும். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நாம் எழுதிய இருப்பிடத்திலிருந்து மென்பொருள் கண்ட இருப்பிடத்தைக் கழித்து, அந்த எச்சத்தைப் பறக்கும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் பிரித்தெழுதுங்கள். குறுக்குத் திசையில் எச்சம் சிதறலாக இருந்து, பறக்கும் திசையில் மட்டும் எல்லா வரியிலும் முன்னோக்கியே இருந்தால், நேரம் பிந்திப் பதிவாகியிருக்கிறது. பின்னோக்கியே இருந்தால் முந்திப் பதிவாகியிருக்கிறது. எச்சத்தைத் தரைவேகத்தால் வகுத்தால் பிழை நொடியில் கிடைக்கும்.

கிழக்கு வரியில் 60 செ.மீ. கிழக்கேயும், மேற்கு வரியில் 36 செ.மீ. மேற்கேயும் எச்சம் வந்தால் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். இரண்டு அளவுகளின் சராசரியான 48 செ.மீ. நேரத்துக்கு உரியது; 12 மீட்டர் வேகத்தில் அது 40 மில்லிநொடி. எஞ்சிய 12 செ.மீ. எந்தத் திசையில் பறந்தாலும் கிழக்கேதான் தள்ளுகிறது. அது பேஸ் நிலையத்தின் ஆயத்தொலைவில் இருக்கும் பிழை. இக்கணக்கு, காற்றால் வேகம் மாறாமல் இரு திசையிலும் ஒரே தரைவேகம் இருந்தால்தான் இவ்வளவு எளிது. இல்லாவிட்டால் எச்சத்தை வேகத்துக்கு எதிராக வரைந்து, கோட்டின் சரிவை நேரமாகவும் வெட்டுத்துண்டை நிலையான நகர்வாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஆன்டெனாவின் முன்பின் விலக்கத்தைத் தவறாக அளந்திருந்தால், திரும்பும்போது டிரோனின் மூக்கும் திரும்புவதால், அந்தப் பிழையும் நேரப்பிழையைப் போலவே வரிக்கு வரி திசை மாறும். இதைப் பிரிக்க ஒரே பரப்பை நொடிக்கு 5 மீட்டரிலும் 12 மீட்டரிலும் இருமுறை பறந்து பாருங்கள்: நேரப்பிழை வேகத்தோடு வளரும், விலக்கப்பிழை வளராது. மல்ட்டிரோட்டர் என்றால் மூக்கைத் திருப்பாமல் பக்கம் பார்த்தபடியே திரும்பிவரச் சொல்லியும் பிரிக்கலாம். இரண்டாவது ஏமாற்றுக்காரர் கேமராவின் முதன்மைப் புள்ளி, அதாவது லென்ஸின் அச்சு சென்சாரைத் தொடும் இடம். மென்பொருள் கேமராவைத் தானே அளவுதிருத்தும்போது, நேரப்பிழையை முதன்மைப் புள்ளியின் நகர்வாக விழுங்கிவிடும். நாம் மேலே பார்த்த 96 செ.மீ. பிழை 35 பிக்செல் நகர்வாக மாறி, எச்சங்கள் அழகாகச் சிறுத்துக் காணப்படும். ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஆனால் முதன்மைப் புள்ளி பறப்புக்குப் பறப்பு பத்து இருபது பிக்செல் தாவுகிறது என்றால் அது கேமராவின் குணம் அல்ல. சோதிக்கும் பறப்பில் முன்பே நன்கு செய்த அளவுதிருத்தத்தின் முதன்மைப் புள்ளியைப் பூட்டிவைத்துவிட்டுக் கணக்கிட வேண்டும்.

கிடைத்த மில்லிநொடியை எல்லா நிகழ்வு நேரங்களிலிருந்தும் கழித்து, இடைக்கணிப்பையும் விலக்கக் கழிவையும் மறுபடி செய்து, இம்முறை உண்மையான துல்லியத்தைக் கொடுத்துச் சமன்செய்யுங்கள். சோதனைக்கென்று ஒதுக்கிவைத்த, கணக்கில் சேர்க்காத தரைப்புள்ளிகளில் கிடைமட்டப் பிழை இரண்டு பிக்செலுக்குள் வந்துவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பேட்டில், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம், ஹாட் ஷூ இணைப்புக் கம்பி ஆகியவற்றோடு சேர்த்து எழுதிவையுங்கள். கேமராவின் உள்மென்பொருளைப் புதுப்பித்தாலோ, இணைப்புக் கம்பியை மாற்றினாலோ அந்த எண் செல்லாது. மறுபடி இரண்டு வேகங்களில் பறந்து புதிய எண்ணைக் காண வேண்டும்.